எந்தக் கையில் மிட்டாய்

மே 2, வெள்ளி

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. இது தண்டனை. ஒன்பதாம் வகுப்பின் கடைசி நாளன்று எஸ்தர் மிஸ்ஸின் சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒரு நண்டு இருந்தது. அது அங்கே எப்படிப் போனது என்று நண்டைத்தான் கேட்க வேண்டும். ஆனால் வகுப்பில் அத்தனை பேர் இருக்க, மிஸ் நேராக என்னைத்தான் பார்த்தார்.

‘டெல்சி, லீவு முழுக்க நாட்குறிப்பு எழுது. என்னென்ன செஞ்சேன்னு. ஸ்கூல் திறந்ததும் கொண்டு வந்து காட்டணும்.’

‘உண்மையை எழுதணுமா மிஸ்?’

‘தமிழ்ல எழுதுனா போதும்.’

ஆகவே, மிஸ், வணக்கம். டெல்சி, வயது பதினான்கு. பத்தாம் வகுப்புக்கு நான் தயார். பத்தாம் வகுப்பு என்னைத் தாங்குமா என்று தெரியவில்லை. கணக்கும் நானும் ரொம்ப நாளாகப் பேசிக்கொள்வதில்லை.

இன்று செய்தவை: சாப்பிட்டேன், தூங்கினேன், திட்டு வாங்கினேன்.

மே 3, சனி

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மீனுக்கு லீவு, எனக்கு லீவு, வீட்டில் மட்டும் யாருக்கும் லீவு கிடையாது. எங்கள் தெருவே வலை வேலையில் உட்கார்ந்திருக்கிறது.

மிஸ் கோவில்பட்டிக்காரர் என்பதால் விளக்குகிறேன். வலையின் அடிக்கயிறு முழுக்க ஈயக்குண்டு பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வலை மூழ்காமல் சீமாட்டி மாதிரி மிதந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ஜெசிந்தா அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பழைய பேட்டரித் தகட்டையும் கிழிந்த வலைகளில் கழற்றிய ஈயத்தையும் இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்வாள். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பிளந்த வாய் இருக்கும். கயிற்றை அந்த வாயில் வைத்து, நம் வாயால் ஒரு கடி கடித்தால் மூடிக்கொள்ளும்.

கையில் குறடு பிடித்தால் நேரமாகும் என்று அம்மா குறட்டைத் தொடவே மாட்டாள். ஒரு பிடி குண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக முன்னே தள்ளுவாள். கடி, தள்ளு, கடி, தள்ளு. வாயில் ஈயம் இருக்கும்வரை அம்மாவால் என்னைத் திட்ட முடியாது. அதனாலேயே எனக்கு ஈயம் ரொம்பப் பிடிக்கும்.

நானும் கடிப்பேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து கடிக்கிறேன். தம்பி ரோவின், அம்மாவின் மடியில் கிடந்து குண்டுகளை எடுத்து எடுத்துக் கொடுப்பான். வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. கொடுக்கிற குண்டில் பாதியை முதலில் தன் வாயில் போட்டு ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான்.

மே 6, செவ்வாய்

ரோவினைப் பற்றி எழுதியாக வேண்டும். அவன் என் சீடன்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு கையையும் மூடி நீட்டி, ‘எந்தக் கையில மிட்டாய்?’ என்பேன். எந்தக் கையிலும் இருக்காது. ஆரஞ்சு மிட்டாய் என் கொண்டைக்குள் சொருகியிருக்கும். தெருவில் இதில் ஏமாறாத பிள்ளை இல்லை. ஏமாந்த பெரியவர்களும் உண்டு, பெயர் வேண்டாம், பங்குச் சாமியார்.

போன வருஷம் ரோவின் முதல் தடவை ஏமாந்தான். இரண்டாம் தடவை சந்தேகமாகப் பார்த்தான். அடுத்த தடவை கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘கையில இல்ல, மண்டையில!’ என்று என் மேல் ஏறிக் கொண்டையைப் பிய்த்து மிட்டாயை எடுத்துவிட்டான். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை மிஸ்ஸுக்குச் சொன்னால் புரியாது.

இன்று சும்மா கை நீட்டினேன். இடது கையைத் தட்டினான். இல்லை. வலது கையைத் தட்டினான். இல்லை. உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிட்டான்.

என்னிடமே நடிக்கிறான்! குருவை மிஞ்சிவிட்டான்.

மே 14, புதன்

ரோவின், எதிர்வீட்டு ஆன்டோவின் தோளைக் கடித்துவிட்டான். பல் பதிந்திருக்கிறது. ஆன்டோவின் அம்மா தெரு நடுவில் நின்று, ‘புள்ளையா வளக்கிய? நாய்க்குட்டில்லா வளக்கிய!’ என்று கத்தினாள். அம்மா வாயில் ஈயம் இருந்ததால் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ‘நாய்க்குட்டின்னா ஊசி போடணும் சித்தி, சீக்கிரம் போங்க’ என்றேன். அடி விழுந்தது. எனக்கு.

இவன் என்னைவிடப் பெரிய ஆளாக வருவான். நான்கூட யாரையும் கடித்ததில்லை.

அவனுக்கு நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். சோற்றைக் கண்டால் ஓடுகிறான். ஆனால் சுவரில் உதிர்கிற சுண்ணாம்பை நக்குகிறான். ‘வெள்ளையடிக்கிறது தெரியும், இவன் வெள்ளை தின்னுதான்’ என்றேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மே 23, வெள்ளி

தூக்கத்தில் வீறிட்டு எழுந்திருக்கிறான் என்று ஜெசிந்தா அத்தையிடம் அம்மா சொன்னாள். அத்தை அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, ‘புள்ள எதையோ பாத்துப் பயந்துருக்கான், புஷ்பம். ஈயம் ஊத்தணும்’ என்றாள்.

மத்தியானம் ஊற்றினார்கள். ரோவினை மணையில் உட்காரவைத்து, தலை மேல் அம்மாவின் சேலையைப் போர்த்தி, சேலைக்குக் கீழே அவன் மடியில் ஒரு சட்டித் தண்ணீர். அத்தை கரண்டியில் ஈயத்தை உருக்கிக் கொண்டுவந்து ஜெபம் சொல்லிக்கொண்டே தண்ணீரில் ஊற்றினாள். ஸ்ஸ்ஸ் என்று புகை. உள்ளேயிருந்து ரோவின் இருமினான். ‘நல்லா இழு மக்கா, பயம் அதோட போயிரும்’ என்றாள் அத்தை.

தண்ணீரில் ஈயம் இறுகிக் கிடந்தது. எதைப் பார்த்துப் பயந்தானோ அதன் உருவம் அதில் வருமாம்.

‘நாயி. பாரு, வாலு’ என்றாள் அத்தை.

‘எனக்கு இட்லி மாதிரி தெரியுது. அம்மா சுட்ட இட்லியப் பாத்துத்தான் பயந்துருப்பான்’ என்றேன்.

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதில் ஓட்டை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோர்த்து அவன் கழுத்தில் கட்டிவிட்டாள். பயம் தெளியும்வரை கழற்றக் கூடாதாம். கட்டிய நிமிஷமே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

‘எப்படில இருக்கு?’

‘கடல் மாதிரி இருக்கு எக்கா.’

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. எஸ்தர் மிஸ் இந்த நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வரி படிக்கவில்லை. பங்குச் சாமியாரைப் பற்றி எழுதியது வீண்.

தண்டனை முடிந்தது. நோட்டில் இன்னும் தாள் இருக்கிறது. தாளை வீணாக்கக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

தடை முடிந்து போட்டுகள் கிளம்பின. அப்பாவும் போய்விட்டார். இனி ஒரு வாரம் கழித்துத்தான் வருவார்.

போன வருஷம் இந்த நேரத்தில் ரோவின் கரையில் நின்றால் ஒரு கூட்டமே கூடும். கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை வைத்தே இது இன்னார் போட்டு என்பான். தப்பாது. ஐஸ் கம்பெனி மாமா இதற்காகவே அவனுக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுப்பார்.

இன்றும் மாமா ஐஸோடு வந்து நின்றார். ‘சொல்லு மாப்ள, இது யாரு போட்டு?’

‘அப்பா போட்டு.’

‘இது?’

‘அப்பா போட்டு.’

எல்லாமே அப்பா போட்டு. கண்ணைத் திறந்துகொண்டே சொன்னான். மாமா சிரித்துவிட்டு ஐஸைக் கொடுத்தார். நானும் சிரித்தேன். ‘அப்பா பெரிய முதலாளி ஆயிட்டாங்க’ என்றேன்.

அந்த ஐஸை அவன் தின்னவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றான். உருகி முழங்கை வரை ஓடியது.

ஜூன் 26, வியாழன்

ஒன்றாம் வகுப்பு மிஸ் அம்மாவை வரச் சொன்னார். எங்கள் பள்ளி ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே காம்பவுண்டு. ஆகவே தண்ணீர் குடிக்கப் போவது போல நானும் ஜன்னலோரம் போய் நின்றேன்.

‘ஒரு நிமிஷம் உக்கார மாட்டேங்கான். பக்கத்துப் புள்ளைங்களக் கடிக்கான். அத விடுங்க. எல்.கே.ஜி.ல ஃ வரைக்கும் சொன்னவன்னு நீங்க சொல்லுதீங்க. எனக்கு ‘ஆ’ தாண்ட மாட்டேங்கான். நேத்து சொன்னது இன்னைக்கு இல்ல.’

‘சேட்டை மிஸ். அவ அக்கா மாதிரி.’

‘டெல்சி பண்ணுறது சேட்டை. இது வேற. காலாண்டு வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல இங்க வச்சிக்கிட முடியாது. நீங்க வேற ஸ்கூல்தான் பாக்கணும்.’

என்னை ஒரு மிஸ் இதுவரை பாராட்டியதே இல்லை. முதல் பாராட்டு இப்படி வந்து சேர்ந்தது.

ஜூலை 3, வியாழன்

சோதனை செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பள்ளிக்குக் கிளம்பும் முன் கை நீட்டினேன். இடது. இல்லை. வலது. இல்லை. அழுகை. என் கையைக் கடித்தான். மிட்டாயைக் கொண்டையிலிருந்து அவன் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டினேன். ‘பாத்துக்கோல, மண்டையில. நீதான கண்டுபிடிச்ச!’

‘ஆமா’ என்றான். வாங்கித் தின்றான்.

ஜூலை 4, வெள்ளி

ஏமாந்தான்.

ஜூலை 5, சனி

ஏமாந்தான். கொண்டையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாயைப் பிளந்து, ‘எக்கா, எப்படி!’ என்றான். மந்திரவாதியைப் பார்ப்பது போல.

ஜூலை 7, திங்கள்

ஏமாந்தான். ஒரே ஏமாற்று வேலைக்குத் தினமும் புதுசாக ஏமாறுகிற ஒருவன் கிடைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட காலம் உண்டு.

ஜூலை 9, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. நானாக லீவு போட்டுக்கொண்டு அம்மாவுடன் போனேன். டாக்டருக்கும் என் அம்மா வயதுதான் இருக்கும். ரோவினின் கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்த்து, ‘ரத்தமே இல்லையே’ என்றார். நிறையக் கேள்வி கேட்டார். மண் தின்கிறானா, எப்போதிலிருந்து வயிற்று வலி, எப்போதிலிருந்து பேச்சுக் குறைந்தது.

‘வீட்டுல யாராவது பேட்டரி வேலை, பெயின்ட் வேலை பாக்குறீங்களா?’

‘இல்லம்மா. நாங்க கடத்தொழில்.’

அம்மா பொய் சொல்லவில்லை. ஈயம் கடிப்பதை எங்கள் தெருவில் யாரும் வேலை என்று சொல்வது கிடையாது. ‘என்னட்டி செய்த?’ என்று கேட்டால், வாயில் குண்டோடு, ‘சும்மாதான் இருக்கேன்’ என்பார்கள்.

டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்தார். கழுத்தில் தொங்கியது இடித்தது. வாயில் போட்டுப் போட்டு அதன் வால் தேய்ந்து, இப்போது நிஜமாகவே இட்லி மாதிரி ஆகியிருந்தது.

‘இது என்ன?’

‘பயத்துக்குக் கட்டுனதும்மா. அவன் அத்தை ஊத்துனா.’

‘எதுல ஊத்துனாங்க?’

‘ஈயந்தான்.’

‘ஈயம் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?’

அம்மா சிரித்தேவிட்டாள். ‘நல்லாக் கேட்டீங்க! எங்க தெருவுல ஈயத்துக்கா பஞ்சம்? மூடை மூடையாக் கெடக்கும்மா. இவன் தவழ்ந்ததே அதுக்கு மேலதான்.’

நானும் சிரித்தேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒரு ஜோக் எடுபடவில்லை என்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

கத்தரிக்கோல் எடுத்து அவரே அந்தக் கயிற்றை வெட்டினார். ரோவின் அலறி நர்ஸைக் கடித்தான். மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. மெட்ராசுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமாம்.

பஸ்ஸில் வரும்போது ரோவின் கழுத்தைத் தடவித் தடவி அதைத் தேடிக்கொண்டே வந்தான்.

ஜூலை 22, செவ்வாய்

ரிசல்ட் வந்தது.

‘புள்ளைங்க ரத்தத்துல ஈயம் கொஞ்சங்கூட இருக்கக் கூடாதும்மா. இவனுக்கு நிறைய இருக்கு’ என்றார் டாக்டர். மூளை வளர்கிற வயதில் அது உள்ளே போனால் ஞாபகம், படிப்பு, தூக்கம், கோபம் எல்லாவற்றிலும் கை வைக்குமாம். அவன் கடித்தது, கத்தியது எதுவும் சேட்டை இல்லையாம்.

அம்மா நம்பவில்லை. ‘நான் சின்னப் புள்ளையில இருந்து கடிக்கேன். எங்கம்மா கடிச்சா. எங்களுக்கு என்ன ஆச்சு?’

‘பெரியவங்க உடம்பு வேற, வளர்ற புள்ள உடம்பு வேறம்மா. உங்களுக்கும் நல்லதில்ல. ஆனா இவனுக்கு அது...’ என்ற டாக்டர் என்னைப் பார்த்தார். ‘நீ எத்தனாவதுல இருந்து கடிக்கிறம்மா?’

என் ரிசல்ட்டைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. என் கணக்கு மார்க் போலத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் நான் யாரிடமும் காட்டுவதில்லை.

ரோவினை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மருந்து கொடுக்க வேண்டும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற மருந்து. ‘நம்ம வீட்டு டீயே தேவலாம்னு சொல்லுதான்’ என்று அம்மாவிடம் சொன்னேன். அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்

அவன் திரும்புவதற்குள் வீட்டைக் கழுவச் சொன்னார்கள். பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அம்மா துடைக்கிறாள். நான் துடைக்கிறேன். துணியைப் பிழிந்தால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வருகிறது. மறுபடி துடைத்தாலும் அதே சாம்பல்.

அம்மா இப்போது ஈயம் கடிப்பதில்லை. வாய் காலி. ஆனாலும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

ரோவின் வீட்டுக்கு வந்தான். அவன் வந்த நேரம் ஜெசிந்தா அத்தை வீட்டிலிருந்து புகை. காற்று எங்கள் பக்கம். அம்மா அப்படியே போனாள்.

‘மதினி, அடுப்ப அணைங்க.’

‘என்னட்டி புதுசா?’

‘டாக்டரு சொல்லிட்டாங்க. ஈயந்தானாம். ஒங்க பொகை எங்க வீட்டுக்குள்ளதான் வருது.’

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். ‘அப்ப எந் தம்பி மவனுக்கு நான் வெசம் வச்சேங்கியா?’

‘நான் அப்படிச் சொல்லல.’

‘பயந்துருக்கான்னு ஊத்துனேன். ஒம் புள்ளைக்கின்னு முழங்கால்ல நின்னு ஜெபம் சொன்னேன். நீ கடிக்கலியா? அவன் வாயில நீ குடுக்கலியா?’

தெருவே பார்த்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சட்டி, ஒரு கூடை குண்டு. அத்தை மட்டும் அணைத்தால் புகை நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். அத்தை வீட்டு மாமா கடலுக்குப் போய்த் திரும்பாததிலிருந்து அத்தைக்குப் பிழைப்பு அந்தச் சட்டி ஒன்றுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். நோட்டில் எழுதினால் சாட்சி ஆகிவிடும். நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எங்கள் தெருவில் குண்டு வார்க்கிற நல்ல அச்சு ஒன்றே ஒன்றுதான். கல்லில் செதுக்கியது, அத்தையுடையது. மற்றவர்கள் அவளிடம் வாங்கிப் போய்த்தான் ஊற்றுவார்கள். நேற்று அத்தை பூசைக்குப் போன நேரத்தில் அந்த அச்சு நடந்து போய் எங்கள் பள்ளிக் கக்கூஸ் பின்னாலுள்ள பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. நண்டு டப்பாவுக்குள் போனது போலத்தான்.

என் வாழ்க்கையின் மிகப் பெரிய சேட்டை. ஒரு தெருவையே நிறுத்திவிட்டேன். ஒரு அடுப்பிலும் இன்று புகை இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புகை.

அத்தை செங்கல்லைச் செதுக்கிப் புது அச்சு செய்துவிட்டாள். பழசைவிடப் பெரியது. ஒரே ஊற்றில் கூடுதலாகக் குண்டு வருகிறதாம். தெருவுக்கே சந்தோஷம்.

சாயங்காலம் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் ஒரு தூக்குவாளி. ‘பாலு. பாலு நெறையக் குடுக்கணும்னு டாக்டரு சொன்னாங்களாம்ல.’ என்னிடம் நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள். ‘எட்டி, அச்ச நீதான எடுத்த?’

‘எந்த அச்சு அத்த?’

‘சரி, வச்சுக்கோ.’ போகிறவள் திரும்பினாள். ‘ஒனக்கு வேற எதாச்சும் தோணுனா சொல்லு. எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது.’

எனக்கும் தோன்றவில்லை. இதுவரை எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா கரைக்கு வந்தார். ஈயத்துக்குப் பதிலாக இரும்பு நட்டுகளைக் கட்டி ஒரு துண்டு வலை இறக்கிப் பார்த்தாராம். துரு பிடித்து, வலையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. போட்டுக்காரர், ‘சூசை, ஒன் வீட்டுக் கஷ்டம் புரியுது. அதுக்குக் கடலு என்னப்பா செய்யும்?’ என்றாராம்.

‘வேற ஊருக்குப் போயிருவோமா?’ என்றாள் அம்மா.

‘எங்க போனாலும் நான் கடலுக்குத்தான போவேன்.’

அப்பா இப்போது கரையிலேயே குளித்து, சட்டையை மாற்றிய பிறகுதான் ரோவினைத் தூக்குகிறார். இவன் அப்பாவின் முகத்தைத் தடவிப் பார்த்து, ‘அப்பா போட்டு’ என்கிறான். அப்பாவும், ‘ஆமால, அப்பா போட்டு’ என்கிறார்.

செப்டம்பர் 10, புதன்

இரண்டாவது ரிசல்ட். ரத்தத்தில் குறைந்திருக்கிறது! டாக்டரே சிரித்தார். வயிற்று வலி போய்விட்டது. சோறு தின்கிறான். கடிப்பதும் குறைந்துவிட்டது.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ‘அப்ப பழையபடி ஆயிருவான்ல டாக்டரம்மா? போட்டு பேரெல்லாம் சொல்லுவான். ஃ வரைக்கும் சொல்லுவான்.’

டாக்டர் ரோவினின் தலையைத் தடவினார். ‘இனிமே மோசமாகாமப் பாத்துக்கலாம்மா. சத்தா குடுங்க. நிறையப் பேசுங்க. சொல்லிக் குடுத்துக்கிட்டே இருங்க.’

அம்மா வெளியே வந்ததும் என்னிடம், ‘சரியாயிரும்னுதான சொன்னாங்க?’ என்றாள்.

‘ஆமாம்மா’ என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே இதைத்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஏமாந்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஏமாந்தான். சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

காலாண்டு முடிந்தது. ஒன்றாம் வகுப்பு மிஸ் அம்மாவிடம், ‘இப்ப யாரையும் கடிக்கல. இருக்கட்டும். சும்மா வந்து உக்காந்துட்டுப் போகட்டும்’ என்றாராம். வேறு பள்ளி பார்க்க வேண்டாம். அம்மா சந்தோஷமாக வந்து சொன்னாள்.

சும்மா வந்து உட்காரட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் எனக்கு நெடுநாள் அனுபவம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று காலை ஏமாற்று வேலையை ராஜினாமா செய்தேன்.

தினமும் அவன் உதடு பிதுங்குவதைப் பார்க்க முடியவில்லை. ஆகவே இரண்டு கையிலும் மிட்டாய் வைத்தேன். எதைத் தட்டினாலும் கிடைக்கும். தோற்கவே முடியாது. கொண்டையில் ஒன்றும் வைக்கவில்லை.

பூசைக்குக் கிளம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். கையை நீட்டினேன். ‘எந்தக் கையில மிட்டாய்?’

இடது கையைப் பார்த்தான். வலது கையைப் பார்த்தான். எதையும் தட்டவில்லை. எழுந்து நின்றான். என் தோளைப் பிடித்து, முழங்காலை என் மடியில் ஊன்றி ஏறி, கொண்டைக்குள் கையை விட்டான்.

துழாவினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கொண்டை அவிழ்ந்து முடி முழுக்க முகத்தில் விழுந்தது. விரலால் கோதிக் கோதித் தேடினான்.

‘மண்டையில இல்ல எக்கா’ என்றான்.

‘இந்தால, கையில இருக்கு. பாரு, ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒனக்குத்தான்’ என்று இரண்டு கையையும் விரித்தேன். அவன் பார்க்கவில்லை. தன் வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ‘சும்மா முடியப் புடிச்சு இழுத்துருப்பான்’ என்றாள். இல்லை. நான் பார்த்தேன். அவன் வந்தான். வழி தெரிந்து, அவ்வளவு தூரமும் ஏறி வந்தான். இத்தனை நாள் வைத்துக் காத்திருந்தேன். இன்றைக்கு வைக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

இடது கையில் ஒன்று. வலது கையில் ஒன்று. கொண்டையில் ஒன்று.

இடது கையைத் தட்டினான். எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இடது கை.

அக்டோபர் 4, சனி

இடது கை. ‘தலையைப் பாருல’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது அவன் கண்டுபிடித்தது ஆகாது.

அக்டோபர் 8, புதன்

அவனுக்கு எப்போது ஞாபகம் வரும் என்று தெரியாது. காலையில்தான் வரும் என்று என்ன இருக்கிறது? இன்டர்வெல்லில் என் வகுப்பு வாசலுக்கு வந்து நிற்கும்போது வரலாம். சாப்பாட்டு மணி அடிக்கும்போது வரலாம். ஆகவே பள்ளிக்கு மடித்துக் கட்டுகிற சடைக்குள்ளும் ஒரு மிட்டாய் வைத்து ரிப்பனால் இறுக்கிக்கொண்டுதான் போகிறேன்.

இன்று இரண்டாம் பீரியடில் எஸ்தர் மிஸ் என் பெஞ்சுப் பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

‘டெல்சி, தலையெல்லாம் எறும்பு ஊருது! இது என்ன புதுச் சேட்டை?’

வகுப்பே சிரித்தது. எனக்கு நல்ல பதில் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. பிறகு போய்விட்டது.

‘ரிப்பனை அவிழு. தட்டி விடுறேன்.’

‘வேண்டாம் மிஸ்.’

‘கடிக்கலையா?’

‘கடிக்குது மிஸ்.’

மிஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டார். எறும்பு காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துக்கு இறங்கியது. இன்டர்வெல்லுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. நான் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.